கோப்பைக்குப் பணம் உண்டு, கோச்சுக்கு இல்லை

கிராமத்துக் கால்பந்துக் கழகத்தின் வரவுசெலவு நோட்டைப் பிரித்தால் கோப்பை வாங்கிய செலவு முதலில் கண்ணில் படும். மைக்செட், விளக்கு, நோட்டீஸ், நடுவர் படி, வந்த அணிகளுக்குச் சாப்பாடு என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். ஆண்டு முழுக்க மாலை வேளைகளில் பிள்ளைகளோடு மணலில் நின்றவருக்கு என்ன கொடுத்தார்கள் என்பதற்குப் பெரும்பாலும் வரியே இருக்காது. யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள், அவரும் கேட்டிருக்க மாட்டார். திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில், பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்து எல்லைக் கிராமங்களில் இயங்கும் இளைஞர் விளையாட்டுக் கழகங்களின் பணநிலையைப் பேசப் புகுந்தால், எழுதப்படாத அந்த வரியிலிருந்துதான் தொடங்க வேண்டும். இந்தக் கழகங்கள் நலிவதற்கு ஊராரின் கை சுருங்கியது காரணமில்லை என்பது என் துணிபு. ஊர்ப் பணம், அரசுப் பணம், கம்பெனிப் பணம் எல்லாமே ஒருநாள் விழாவுக்கோ ஒரு தடவைக் கட்டுமானத்துக்கோ வந்து சேர்கின்றன. பயிற்சி மட்டும் அன்றாடம் நடக்க வேண்டியிருக்கிறது. அதற்கு அன்றாடம் வரும் பணம் எங்குமே இல்லை.

இந்த நிலப்பகுதியை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தில் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டுத் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கட்சி போராடிய நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. உள்நாட்டில் களியக்காவிளையைத் தாண்டினால் பாறசாலை. கடலோரத்தில் நீரோடியைத் தாண்டினால் பொழியூர். கோடு இப்படிப் போட்டாலும் வாழ்க்கை அதன்படி பிரியவில்லை. கல்யாணம், மீன் வியாபாரம், படிப்பு எல்லாம் இரண்டு பக்கமும் நடக்கின்றன. தமிழ்நாட்டுக்குள் இருக்கும் நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை முதலிய கடற்கரைப் பங்குகள் இன்றும் திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டத்தின் கீழ்தான் இருக்கின்றன. ஒரே மறைமாவட்டம், ஒரே தொழில், ஒரே பேச்சு என்று இருக்கிற இடத்தில் பந்தும் ஒன்றாகத்தான் உருளும். பங்குத் திருவிழாவை ஒட்டி நடக்கும் டோர்னமென்டுக்கு எல்லையின் இரண்டு பக்கத்திலிருந்தும் அணிகள் வருவதில் வியப்பு ஒன்றுமில்லை.

இந்தக் கரை கால்பந்துக்குக் கொடுத்தது சிறிதன்று. மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபி போட்டியின் பெயரால் கேரளத்தில் பொழியூரைச் சந்தோஷ் டிராபி ஊர் என்றே சொல்வார்கள். 2018 ஏப்ரல் 1 அன்று கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் மேற்கு வங்கத்தைப் பெனால்டி உதைகளில் 4-2 என்று வென்று கேரளம் சந்தோஷ் டிராபியை எடுத்தபோது, வெற்றியை உறுதிசெய்த உதையை வலைக்குள் சேர்த்தவர் திருவனந்தபுரம் கடற்கரைக்காரரான எஸ். சீசன். ஓகி புயல் இந்தக் கரையைச் சூறையாடி அப்போது நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. 2017 நவம்பர் இறுதியில் பூந்துறை, விழிஞ்ஞம் முதல் தூத்தூர் வரை கடலுக்குப் போனவர்கள் திரும்பாமல் எத்தனையோ வீடுகள் ஆண் துணை இழந்து நின்றன. எல்லைக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் இரவிபுத்தன்துறையிலிருந்து போன மைக்கேல் சூசைராஜ், சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர், ஏடிகே என்று இந்தியாவின் பெரிய கழகங்களில் ஆடினார். மீன்பிடிக் குடும்பங்களின் பிள்ளைகளை இவ்வளவு உயரத்துக்கு ஏற்றிவிட்ட கழகங்களிடம் கட்டடமோ வைப்புநிதியோ சம்பளக்காரர்களோ இருப்பது அரிது. கடற்கரை மணலும் சில பந்தும், விளையாடி ஓய்ந்த அண்ணன்மாரின் நேரமும்தான் அவற்றின் மூலதனம்.

பணம் எப்படி வருகிறது என்பதை ஊன்றிப் பார்க்க வேண்டும். எளிதில் கிடைப்பது பிரிவு. ரசீது புத்தகத்தோடு நாலைந்து பேர் வீடுவீடாகவும் கடைகடையாகவும் போவார்கள். கடலோரத்தில் மீன்பாடு நன்றாக இருந்தால் பிரிவும் நன்றாக இருக்கும். வறண்ட மாதங்களில் கேட்கவே கூச்சமாக இருக்கும். உள்நாட்டுக் கிராமங்களில் கொத்தனார் வேலை, ரப்பர், மரச்சீனி, சிறு வியாபாரம் என்று வருமானம் வேறு வகை. எங்கும் பொதுவாக இருப்பது வளைகுடாவில் வேலை பார்க்கிறவர்களின் பணம். ஊருக்கு விடுமுறையில் வரும் ஒருவர் பிள்ளைகளுக்கு ஜெர்சி எடுத்துக் கொடுப்பார், இன்னொருவர் தன் அப்பாவின் நினைவாக ஒரு சுழற்கோப்பை வைப்பார். அடுத்தது டோர்னமென்ட். அதில் அணிகள் கட்டும் என்ட்ரி பீஸ், கடைக்காரர்கள் கொடுக்கும் ஃப்ளெக்ஸ் விளம்பரம், சில இடங்களில் நுழைவுச்சீட்டு ஆகியவை வருமானம். மலபாரில் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டம் தனிப் பொருளாதாரமாகவே வளர்ந்துவிட்டது. மூங்கில் காலரி கட்டி ராத்திரி விளக்கில் வாரக்கணக்கில் நடத்துவார்கள். தெற்கே அந்த அளவுக்கு இல்லை என்றாலும் அதே முறைதான்.

டோர்னமென்டில் மிச்சம் வரும் என்ற நம்பிக்கையைத்தான் நான் கேள்வி கேட்கிறேன். ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். பதினாறு அணிகள் தலைக்கு 2,000 ரூபாய் கட்டினால் 32,000. விளம்பரத்தில் 60,000, பிரிவில் 40,000. ஆக 1,32,000. முதல் இரண்டு பரிசும் கோப்பைகளும் 50,000, விளக்கும் ஜெனரேட்டரும் 25,000, மைக்செட்டும் பந்தலும் 15,000, நடுவர்களுக்கு 12,000, சாப்பாடு 15,000, நோட்டீஸ், ஃப்ளெக்ஸ், மருத்துவ உதவி 10,000. ஆக 1,27,000. மிச்சம் 5,000. இந்த எண்கள் என் அனுமானமே. உள்ளூர்க் கணக்கோடு ஒப்பிட்டு ஒவ்வொரு கழகமும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் வரவு கூடினால் பரிசுத்தொகையும் கூடும் என்பது எல்லா ஊரிலும் நடப்பது, ஏனென்றால் பரிசு பெரிதாக இருந்தால்தான் நல்ல அணிகள் வரும், நல்ல அணிகள் வந்தால்தான் அடுத்த ஆண்டு விளம்பரம் கிடைக்கும். கழகம் தன் ஊராரிடம் வாங்கிய பணத்தில் பெரும்பகுதியை வெளியூரில் நன்றாக ஆடும் வயதுவந்த வீரர்களுக்குப் பரிசாகக் கொடுத்து அனுப்புகிறது. பத்து வயதுப் பிள்ளையின் பயிற்சிக்கு அதில் ஒரு பந்து வாங்கும் காசு மிஞ்சினால் பெரிது. டோர்னமென்ட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஊரைக் கூட்டுவதும், பிள்ளைகளுக்கு ஆசை மூட்டுவதும் அதுதான். அதை வருமான வழி என்று நம்பிப் பயிற்சியை அதன் மேல் கட்டினால் மட்டும் கட்டிடம் நிற்காது.

இப்போது பயிற்சியின் செலவு. நாற்பது பிள்ளைகள், ஆண்டுக்கு 200 நாள் பயிற்சி என்று கொள்வோம். கோச்சுக்கு மாதம் 12,000 என்றால் ஆண்டுக்கு 1,44,000. பயிற்சி முடிந்ததும் ஒரு முட்டையும் பழமும், தலைக்கு நாளுக்கு 20 ரூபாய் வீதம் 1,60,000. பந்து 30,000. பூட்ஸ் நாற்பது ஜோடி, 800 வீதம் 32,000. வெளியூர் ஆட்டங்களுக்கு வண்டி பதினைந்து தடவை, 45,000. பதிவு, லீக் கட்டணம் 15,000. முதலுதவி, மருத்துவம் 10,000. மொத்தம் 4,36,000. ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 10,900. மாதத்துக்கு ஏறக்குறைய 908 ரூபாய். நகரத்துத் தனியார் அகாடமியில் பெற்றோர் இதைக் கட்டிவிடுவார்கள். மூன்று பிள்ளைகள் உள்ள மீனவர் வீட்டில் கட்ட முடியாது, கட்டச் சொல்வதும் நியாயமில்லை.

இந்தத் தொகையை அரசு செலவிடும் தொகையோடு வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரியும். மத்திய அரசின் கேலோ இந்தியா திட்டத்தில் தேர்வான ஒரு வீரருக்கு ஆண்டுக்கு 6.28 லட்சம் ரூபாய் ஒதுக்கப்படுகிறது. தங்குமிடம், பயிற்சி, சாப்பாடு எல்லாம் அதில் அடக்கம். கைச்செலவுக்கு மட்டும் 1.20 லட்சம். அந்த ஒரு வீரருக்கான பணத்தில் நாம் மேலே போட்ட கணக்குப்படி ஒரு கிராமத்துக் கழகமே ஓராண்டு ஓடி, இன்னும் 1,92,000 மிஞ்சும். தேர்வான வீரருக்குக் கொடுப்பதைக் குறைக்கச் சொல்லவில்லை. ஆனால் தேர்வு செய்ய ஒரு பிள்ளை கிடைப்பதே யாரோ ஒரு அண்ணன் ஆறேழு ஆண்டு கூலி வாங்காமல் சொல்லிக்கொடுத்ததால்தான். அந்த ஆறேழு ஆண்டுகளுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று பெரும்பாலான திட்டங்கள் கேட்பதில்லை. விதிவிலக்காகக் கேலோ இந்தியா மையம் என்ற வகை ஒன்று உண்டு. ஒரு விளையாட்டுக்குத் தொடக்கத்தில் 5 லட்சமும், முன்னாள் வீரரைக் கோச்சாக வைத்து நடத்த ஆண்டுதோறும் 5 லட்சமும் என்று வகுத்திருக்கிறார்கள். எண்ணத்தில் இதுவே சரியான திட்டம். கோச்சின் சம்பளத்தை ஒரு செலவாக ஒப்புக்கொள்கிறது என்பதுதான் அதன் பெருமை. ஆனால் நாடு முழுவதற்கும் ஆயிரம் மையங்கள் என்பது இலக்கு. அதில் ஒரு தாலுகாவுக்கு வரும் பங்கு அங்குள்ள கழகங்களுக்குப் போதாது.

மற்ற பொதுப்பணம் எல்லாம் சிமெண்டாகவோ பொருளாகவோ வருகிறது. எல்லைக்கு ஒரு பக்கம் கேரள அரசு ஒவ்வொரு ஊராட்சிக்கும் ஒரு விளையாட்டுத் திடல் என்று திட்டம் வகுத்தது. திடல் ஒன்றுக்கு ஒரு கோடி ரூபாய். பாதியை விளையாட்டுத் துறை தரும், மீதிக்கு எம்.எல்.ஏ. நிதியும் உள்ளாட்சி நிதியும் சேர வேண்டும். மறுபக்கம் தமிழக அரசு 2024-ல் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கலைஞர் பெயரில் விளையாட்டு உபகரணத் தொகுப்புகளை அனுப்பியது. எம்.பி. ஒருவருக்கு ஆண்டுக்கு ஐந்து கோடி தொகுதி வளர்ச்சி நிதி. நிலைத்து நிற்கும் சொத்துக்கே அதைச் செலவிடலாம், மாதாமாதம் வரும் செலவுக்குக் கூடாது. ஒரு மாநிலம் திடல் தருகிறது, இன்னொன்று மட்டையும் பந்தும் தருகிறது. திடலில் நிற்கும் ஆளுக்கு இரண்டு மாநிலத்திலும் பதில் இல்லை. திடல் கட்டினால் கல்வெட்டு வைக்கலாம், தொகுப்பு கொடுத்தால் படம் எடுக்கலாம். கோச்சின் மாதச் சம்பளத்துக்குத் திறப்புவிழா கிடையாது.

கடலோரத்தில் திடலுக்கும் ஆபத்து வந்திருக்கிறது. பொழியூர், தெற்கு கொல்லங்கோடு பகுதியில் கடலரிப்பு பல ஆண்டாகத் தொடர்கிறது. வீடுகள் போயின, சாலை போயிற்று. பிள்ளைகள் ஆடிய மணற்பரப்பும் சுருங்கியது. தமிழ்நாட்டுப் பக்கம் நீரோடிக் கரையில் கட்டிய கற்தடுப்புகளே காரணம் என்று பொழியூர் மக்கள் குறை சொல்கிறார்கள். பல தலைமுறை இலவசமாக ஆடிய இடத்தைக் கடல் எடுத்துக்கொண்டால் கழகத்தின் கணக்கில் இதுவரை இல்லாத ஒரு செலவு, இடத்துக்கான செலவு, புதிதாக ஏறிவிடும். உள்ளே தள்ளிப் பள்ளிக்கூட மைதானத்தையோ செயற்கைப் புல் டர்ஃபையோ தேடிப் போக வேண்டும். டர்ஃப் மணிக்கணக்கில் வாடகை வாங்கும். வாடகை கட்ட முடிகிற பிள்ளைக்குத்தான் பந்து என்று ஆகிவிட்டால், இந்தக் கரையின் கால்பந்தை உண்டாக்கிய பிள்ளைகளே அதற்கு வெளியே போய்விடுவார்கள். எனக்கு இதில் பெரிய கவலை.

வெளிப்பணம் வாங்க வேண்டுமானால் கழகம் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கேரளத்தின் இந்தப் பகுதியில் அதற்குச் சட்டம் 1955-ன் திருவிதாங்கூர்-கொச்சி இலக்கிய, அறிவியல், அறப்பணிச் சங்கங்கள் பதிவுச் சட்டம். ஏழு பேர் சேர்ந்தால் போதும். நீரோடிப் பக்கம் போனால் 1975-ன் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம். பதிவு கடினமில்லை. ஆண்டுதோறும் நிர்வாகிகள் பட்டியலும் கணக்கும் ஒப்படைப்பதில்தான் சங்கங்கள் தவறிப்போகின்றன. செயலாளர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போய்விடுவார், அவர் கைப்பையோடு மினிட்ஸ் புத்தகமும் போய்விடும்.

வருமான வரித்துறையின் பார்வையில் விளையாட்டை வளர்ப்பது அறப்பணிதான். 1984 செப்டம்பர் 24 தேதியிட்ட 395-ஆம் சுற்றறிக்கை அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அறப்பணி அமைப்பாகப் பதிவு செய்துகொண்டால் வரிவிலக்கு; இந்தப் பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருந்ததைச் சிறிய அமைப்புகளுக்குப் பத்தாண்டாக 2025-ல் நீட்டினார்கள், அது நல்ல காரியம். ஆண்டு வருமானம் வரி விதிக்கப்படாத வரம்பைத் தாண்டினால் ஆடிட்டர் கையெழுத்து வேண்டும். 80ஜி அனுமதி பெற்றால் நன்கொடையாளருக்குப் பாதித் தொகைக்கு வரிச்சலுகை, 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் இல்லை. புதிய வரிமுறையைத் தேர்ந்த சம்பளக்காரருக்கு 80ஜி சலுகையே கிடையாது என்பதையும் கழகங்கள் கணக்கில் எடுக்க வேண்டும். உள்ளூர் ஆசிரியரும் வங்கி ஊழியரும் வரிக்காகக் கொடுக்கப் போவதில்லை, பிள்ளைகளுக்காகத்தான் கொடுப்பார்கள். 80ஜி உண்மையில் பயன்படுவது கம்பெனிப் பணத்துக்கு. 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி பெரிய கம்பெனிகள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப்பணிக்குச் செலவிட வேண்டும். ஏழாம் அட்டவணையில் கிராம விளையாட்டுப் பயிற்சி என்று எழுதியே இருக்கிறது. தொழில் நடக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவும் சட்டம் சொல்கிறது. கேட்டுப் போகும் கழகத்துக்கு மேற்சொன்ன இரண்டு வரிப் பதிவுகளும், மூன்றாண்டு வேலை செய்த சான்றும், கம்பெனி விவகார அமைச்சகத்தில் பெற்ற பதிவு எண்ணும் வேண்டும்.

வளைகுடாப் பணத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்லெண்ணம் வம்பில் முடிவது இங்கேதான். ஷார்ஜாவில் வேலை பார்க்கும் ஒரு பொழியூர்க்காரர் இந்தியக் குடிமகனாக இருந்து, தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக ஊர்க் கழகத்துக்கு அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. அதே ஊர்க்காரர் பிரிட்டன் குடியுரிமை வாங்கிவிட்டிருந்தால் அவர் அனுப்பும் ஆயிரம் ரூபாயும் 2010-ன் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வரும். துபாயில் பதிவான ஒரு கம்பெனி, அதன் முதலாளி நம் ஊர்க்காரராகவே இருந்தாலும், நன்கொடை கொடுத்தால் அதற்கும் அதே விதி. பணம் மட்டுமில்லை, பொருளும் இந்தக் கணக்கில் சேரும். அந்தச் சட்டத்தில் பதிவு பெற மூன்றாண்டு இயங்கியிருக்க வேண்டும். அந்த மூன்றாண்டில் 15 லட்சம் ரூபாய் நோக்கத்துக்காகச் செலவிட்டிருக்க வேண்டும். நாம் போட்ட கணக்கில் மூன்றாண்டுச் செலவு 13,08,000தான். நாற்பது பிள்ளைகளை ஒழுங்காக நடத்தும் கழகமே அந்த வாசலைத் தாண்டாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு இந்தப் பணத்தை டில்லியில் ஸ்டேட் வங்கியின் ஒரே ஒரு கிளையில்தான் முதலில் வாங்க முடியும். சிறிய கழகத்துக்கு இது பொருந்தாத சட்டம். நடைமுறையில் செய்ய முடிவது ஒன்று உண்டு. கொடுப்பவர் எந்த நாட்டுக் குடிமகன் என்று ரசீதில் எழுதி வாங்குவது, வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள உறவினரிடம் வாங்காமல் இருப்பது.

யுபிஐ வந்த பிறகு இன்னொரு கேடு. கழகத்தின் பெயரில் வங்கிக் கணக்கு இல்லாமல் செயலாளரின் சொந்த எண்ணுக்குப் பணம் வாங்குகிறார்கள். அவர் சொந்தச் செலவும் கழகப் பணமும் ஒரே கணக்கில் கலந்து, ஆறு மாதம் கழித்து அவருக்கே எது எது என்று தெரியாது. ஊரில் சந்தேகம் கிளம்புகிறது. திருடாதவர் மேல் திருட்டுப் பெயர் விழுந்து, அவர் கழகத்தை விட்டே போய்விடுகிறார். சங்கத்தின் பெயரில் ஒரு கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து, அந்தக் கணக்குக்கு ஒரு கியூஆர் அட்டை. இவ்வளவு இருந்தால் நல்ல மனிதர்கள் பலரைக் காப்பாற்றலாம்.

பரிசுக் கூப்பன் பற்றியும் எச்சரிக்க வேண்டும். ஓணத்தை ஒட்டியோ டோர்னமென்டை ஒட்டியோ நூறு ரூபாய்க் கூப்பன் அடித்து, குலுக்கலில் பைக் என்று விற்பது இந்தப் பகுதியில் புதிதில்லை. அரசைத் தவிர யாரும் லாட்டரி நடத்தக் கூடாது. அனுமதியில்லாத குலுக்கல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 294ஏ பிரிவில் குற்றமாக இருந்தது, இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் குற்றம்தான். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரியே கிடையாது. கேரளத்திலோ 1967 முதல் அரசே நடத்துகிறது. அதனால்தான் பாறசாலை எல்லையில் லாட்டரிக் கடைகளுக்குத் தமிழ்நாட்டு வாடிக்கையாளர்கள் இவ்வளவு பேர்.

இந்த இடத்தில் நார்வேயை நினைக்கத் தோன்றுகிறது. அங்கே அரசு லாட்டரி நிறுவனத்தின் லாபத்தில் 64 சதவீதம் விளையாட்டுக்குப் போகிறது. அதற்கும் மேலே, 2009 முதல் ஒரு ஏற்பாடு: சீட்டு வாங்குகிறவர் தன் ஊர்க் கழகம் ஒன்றின் பெயரைச் சொன்னால், அவர் கட்டிய பணத்தில் 7 சதவீதம் நேரே அந்தக் கழகத்துக்குப் போய்ச் சேரும். வெல்கிறாரோ தோற்கிறாரோ, கழகத்துக்கு ஆண்டு முழுக்கச் சிறுதொகை வந்துகொண்டே இருக்கும். லாட்டரியை வளர்க்க வேண்டும் என்பது என் ஆசையில்லை. அது ஏழைகளின் பையிலிருந்துதான் பணத்தை எடுக்கிறது. எடுக்கிற பணத்தில் ஒரு சிறு பங்காவது அந்த ஏழையின் பிள்ளை ஆடும் திடலுக்குத் திரும்பலாமே என்று கேட்கிறேன். பதிவுபெற்ற இளைஞர் கழகங்களின் பட்டியல் கேரள அரசிடம் இருக்கிறது. உள்ளாட்சி வரை இறங்கும் விளையாட்டுக் கவுன்சில் அமைப்பை 2000-ஆம் ஆண்டு விளையாட்டுச் சட்டம் உண்டாக்கியிருக்கிறது. வழி உண்டு, முடிவு எடுக்க வேண்டியதுதான் பாக்கி. ஜெர்மனியில் சங்கம் பதிவு செய்ய நம்மைப் போலவே ஏழு பேர்தான் வேண்டும். அங்கே பயிற்சி கொடுப்பவர் ஆண்டுக்கு 3,000 யூரோ வரை வரியில்லாமல் வாங்கிக்கொள்ளலாம் என்று 2021-ல் ஆக்கினார்கள். தொண்டுக்கும் சம்பளத்துக்கும் நடுவே ஒரு மரியாதையான இடத்தைச் சட்டம் ஒதுக்கியிருக்கிறது. நம் கழகங்களில் கோச்சுக்கு மாதம் ஐயாயிரம் கொடுத்தாலே அவர் காசுக்காக வருகிறார் என்று பேசுகிறோம். இலவசமாக வரும் கோச் கல்யாணம் ஆனதும், கடலில் வேலை கூடியதும், சவூதிக்கு விசா வந்ததும் போய்விடுவார். பத்து வயதில் அவரிடம் தொடங்கிய பிள்ளை பதிமூன்றில் நடுவழியில் நிற்கும்.

நான் ஒரு கழகத்துக்கு யோசனை சொல்வதானால், டோர்னமென்ட் கணக்கையும் பயிற்சிக் கணக்கையும் இரண்டு நோட்டாகப் பிரிக்கச் சொல்வேன். டோர்னமென்டுக்கு வரும் ஒவ்வொரு ரூபாயிலும் கால் பங்கு முதலிலேயே பயிற்சி நோட்டுக்குப் போக வேண்டும், மிச்சத்தில்தான் கோப்பை. முன்பு போட்ட கணக்கில் அது 33,000 ரூபாய். பரிசுத்தொகை அந்த அளவுக்குக் குறையும், குறையட்டும். அடுத்தது மாதச் சந்தா. ஊரில் 150 பேர் மாதம் 100 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 1,80,000, கோச்சின் சம்பளத்தைக் கட்டி மிஞ்சும். ஒரே தடவை பத்தாயிரம் கொடுத்துக் கோப்பைக்குத் தன் பெயரை வைக்கிறவரைவிட, மாதம் நூறு ரூபாய் தவறாமல் அனுப்பும் ஒருவர் பிள்ளைகளுக்கு அதிகம் செய்கிறார். அவர் பெயரை நோட்டீஸில் போட வேண்டும். முட்டைக்கும் பழத்துக்கும் ஊரிலேயே பொருளாகக் கொடுக்க ஆள் உண்டு. அதையும் விலைபோட்டு நோட்டில் எழுத வேண்டும், எழுதினால்தான் மூன்றாண்டு கழித்துக் கம்பெனியிடம் இவ்வளவு நடத்தினோம் என்று காட்ட முடியும். ஊராட்சியின் ஆண்டுத் திட்டத்தில் விடுமுறைப் பயிற்சி முகாம் என்று ஒரு திட்டத்தை எழுதிக்கொண்டு கிராமசபைக்குப் போக வேண்டும். கேரளத்தில் 1996-ல் தொடங்கிய மக்கள் திட்டத்தின் வழியே உள்ளாட்சிக்கு வரும் நிதியைத் திடலுக்கு மட்டும் கேட்டுப் பழகிவிட்டோம்.

இன்னொரு வருமானம் இருக்கிறது. அது இன்றைக்கு ஏட்டில் மட்டும்தான் உள்ளது. ஒரு வீரர் ஒப்பந்தக் காலத்துக்குள் ஒரு நாட்டுக் கழகத்திலிருந்து இன்னொரு நாட்டுக் கழகத்துக்கு விலைக்கு மாறும்போது, அந்த விலையில் 5 சதவீதம், 12 வயது முதல் 23 வயது வரை அவரைப் பயிற்றிய கழகங்களுக்குப் பிரித்துத் தரப்பட வேண்டும் என்பது ஃபிஃபா விதி. 12 முதல் 15 வயது வரை ஆண்டுக்குக் கால் சதவீதம், அதற்குப் பிறகு ஆண்டுக்கு அரை சதவீதம். 12 முதல் 17 வயது வரை ஆறாண்டு வைத்திருந்த கழகத்துக்கு இரண்டு சதவீதம். ஒரு கோடி ரூபாய் மாற்றத்தில் இரண்டு லட்சம், அதாவது நாற்பது பிள்ளைகளின் ஓராண்டுச் செலவில் ஏறக்குறைய பாதி. 2022 நவம்பரில் ஃபிஃபா இதற்கென்று தனித் தீர்வகம் ஒன்றைத் தொடங்கி, வீரரின் பதிவு வரலாற்றைக் கணினியே கோத்து எடுத்துப் பணத்தைப் பிரிக்கும்படி செய்தது. இந்திய வீரர்கள் விலைக்கு வெளிநாடு போவது இன்று அபூர்வம். உள்நாட்டு மாற்றங்களுக்கு அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் விதிகளிலும் பயிற்சி இழப்பீட்டுக்கு இடம் உண்டு.

இந்த இழப்பீடு எதுவும் கிடைக்க மாநிலக் கால்பந்துச் சங்கத்தோடு இணைந்த கழகமாக இருக்க வேண்டும்; பிள்ளை அந்தக் கழகத்தின் பெயரில் கூட்டமைப்பின் மத்தியப் பதிவில் ஏறியிருக்க வேண்டும். எல்லைக் கிராமத்தில் இது எளிதில் நழுவுகிறது. மார்த்தாண்டன்துறைப் பிள்ளை மாலையில் பொழியூர் மணலில் ஆடுவான், தமிழ்நாட்டுப் பள்ளிக்காகக் கன்னியாகுமரி மாவட்ட அணியில் விளையாடுவான், பதினாறு வயதில் திருவனந்தபுரத்திலோ சென்னையிலோ ஒரு பெரிய கழகம் அவனை எடுத்துக்கொள்ளும். பதிவேட்டில் அவன் வாழ்க்கை அந்தப் பதினாறாம் வயதில் தொடங்கும். அதற்கு முந்தைய ஆண்டுகளுக்கு இரண்டு மாநிலச் சங்கத்திலும் ஒரு வரி இருக்காது. கேரளக் கால்பந்துச் சங்கமும் தமிழ்நாடு கால்பந்துச் சங்கமும் எல்லைத் தாலுகாக்களின் சிறு கழகங்களுக்கு இணைப்புக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளைப் பதிய ஆண்டுக்கொரு முகாமைப் பொழியூரிலும் தூத்தூரிலும் நடத்தினால் இரண்டு நாள் வேலைதான். அதற்குக் காத்திராமல் கழகங்கள் இன்றே செய்யக் கூடியதும் உண்டு. வருகைப் பதிவேட்டில் பிள்ளையின் முழுப்பெயர், பிறந்த தேதி, பள்ளி, பயிற்சிக்கு வந்த நாள் எல்லாவற்றையும் கோச் தேதியிட்டு எழுதி, மாதம் ஒருமுறை செயலாளர் கையெழுத்துப் போட வேண்டும்.